போகாத ஊரின் பேச்சு

நேற்று ரங்கூனில் எங்கள் தின்கன்ஜூன் பஜாரில் நாரத்தங்காய் வந்திருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்து பார்த்தேன். கடைக்காரம்மா முறைத்தார். வாங்காமலா போகப்போகிறேன்? அவர் முறைப்புக்குப் பயந்து தேவைக்கு மேலேயே வாங்கிவிட்டு, வீடு வரும்வரை டாக்சியில் விரலை மூக்கருகே வைத்துக்கொண்டே வந்தேன். உங்களுக்கு அந்த வாசத்தில் ஊறுகாய் ஞாபகம் வரும். எனக்கு ஸ்பெயினின் தெற்கே இருக்கும் ஒரு பழைய நகரம் ஞாபகம் வரும். நான் அங்கே போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு நீங்கள் ஏமாறக்கூடாது.

வரைபடத்தில் அது செவில். அந்த ஊர்க்காரர்கள் செவியா என்பார்கள். முதன்முதலில் கேட்டபோது, காதுக்கு ஒரு ஊரா என்று நான் சிரித்தேன். சொன்னவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ரோசியோ என்று பெயர். என் வயதுதான். அப்போது ரங்கூனுக்குப் பயணிகள் வந்து குவிந்த காலம். நகர மையத்தில், மூன்றாவது மாடியில், ஒரு சின்ன சுற்றுலா அலுவலகத்தில் நான் டிக்கெட் பதிவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பார்க்க வந்த ரோசியோ திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட, ஸ்பெயினிலிருந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத எங்கள் முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டார். முதலாளியை நாங்கள் பர்மிய மரியாதைப்படி சயா என்று கூப்பிடுவோம். ரோசியோவின் மேசை என் மேசைக்கு எதிரே. அவளுக்கு நாள் முழுக்கப் பேச வேண்டும். எனக்கோ எழுந்து போக இடமில்லை. நான் ஸ்பானிய மொழி கற்றது இப்படித்தான்.

அவள் ஊரில் தெருவுக்குத் தெரு ஆரஞ்சு மரமாம். குளிர்காலத்தில் காய்த்துத் தொங்குமாம். ஒருத்தரும் பறிக்க மாட்டார்களாம், அத்தனை கசப்பு. தெரியாமல் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் அவர் வெளியூர்க்காரர். "எங்க தெருவுல ஒரு மரம் இருந்தா ஒரு காய் மிஞ்சாது" என்று சொல்லி, மறுநாள் நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை ஜாம் மாதிரி ரொட்டியில் தடவிக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.

ஊர் நடுவில் ஒரு பெரிய கோபுரம். ஒரு காலத்தில் மசூதியின் மினாரா, பிறகு தேவாலயத்தின் மணிக்கூண்டு. உள்ளே படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம். பாங்கு சொல்கிறவர் குதிரையில் ஏறிப்போக வசதியாக அப்படிக் கட்டினார்கள் என்று ரோசியோ அடித்துச் சொல்வாள். எங்கள் மூன்று மாடியை மூச்சிரைக்க ஏறி வரும் சயாவிடம், "ஒரு குதிரை வாங்கிடலாமே சயா" என்பேன். "நிறுத்த எடம் எங்கம்மா?" என்பார் அவர்.

அப்புறம் அந்த ஆறு. ஆற்றுக்கு இந்தக் கரையில் செவியா, அந்தக் கரையில் ட்ரியானா என்ற பேட்டை. பாலம் வருமுன் படகுகளைச் சங்கிலியால் கட்டி நடந்து போனார்களாம். இப்போதும் ட்ரியானாக்காரர்கள் பாலத்தைத் தாண்டும்போது "செவியாவுக்குப் போயிட்டு வரேன்" என்று வேறு தேசத்துக்குப் போவது மாதிரிதான் சொல்வார்களாம். இங்கே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நம் டாலாக்காரர்கள் படகேறும்போது ரங்கூன் போய்வருகிறேன் என்பதில்லையா, அதேதான்.

ஒன்று மட்டும் ரோசியோ சொல்லவில்லை. அவள் பேசுவது அந்த ஊர்ப் பேச்சு, புத்தகத்து ஸ்பானிய மொழி இல்லை. சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' எல்லாம் அவள் வாய்க்குள்ளேயே போய்விடும். "புவெனோஸ் தியாஸ்" என்ற காலை வணக்கம் அவளிடம் "புவெனோ தியா". காய்கறிக்காரர், பேருந்து ஓட்டுநர் என்று யாரைப் பார்த்தாலும் "மி ஆர்மா". என் உயிரே என்று பொருள். நான் அதை மரியாதைச் சொல் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் எங்கள் ஒரே ஸ்பானிய மொழி வழிகாட்டி வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டான். மறுநாள் காலை ஸ்பெயினின் வடக்கே இருக்கும் பில்பாவோ நகரத்திலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்களை அனுப்புகிற கம்பெனியைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம். அது கோபித்துக்கொண்டால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சயா ரோசியோவைப் பார்த்தார். அவளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சூலே பகோடாவிலிருந்து அலுவலகத்துக்கு வழி தெரியாது. என்னைப் பார்த்தார்.

"சயா, நான் பேசிடுவேன். அவங்க பேசினா எனக்குப் புரியுமான்னு தெரியாது."

"நீ பேசிக்கிட்டே இரு. அவங்களுக்கு எடமே குடுக்காத."

விமான நிலையத்தில் முதலில் வெளியே வந்தது ஓர் அம்மாள். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். கைகூப்பி, "புவெனோ தியா, மி ஆர்மா!" என்றேன். மொத்தக் குழுவும் சிரித்தது. வண்டியில் சிரித்தார்கள். ஷ்வேடகோன் பகோடாவில் தங்கத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துச் சிரித்தார்கள். வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டேன். சிரிக்காதவர் ஒருவர்தான். அந்த அம்மாளின் அப்பா, மனுவேல், எண்பதை நெருங்கியவர். கடைசி இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். புகார் எழுதப்போவது இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாலாவுக்குப் படகில் போனோம். "இது எங்க ட்ரியானா" என்று அக்கரையைக் காட்டினேன். பெரியவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"எத?"

"ட்ரியானா."

சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். ரோசியோவின் பேச்சு! ஒரு 'ஸ்' கூட இல்லை.

அவர் பிறந்ததே ட்ரியானாவில்தான். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் அறைக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே சண்டை. வாலிபத்தில் அங்கே பிழைப்பில்லை. பில்பாவோவில் இரும்பாலை வேலைக்குப் போனார். முதல் நாள் சுத்தியல் கேட்டிருக்கிறார். கேட்ட விதத்துக்குப் பட்டறையே சிரித்திருக்கிறது.

"அன்னிக்கு மூடின வாய்ம்மா. ஒவ்வொரு 'ஸ்'ஸையும் ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சுப் பேசக் கத்துக்கிட்டேன். நேத்து நீ பேசினப்ப, யாரோ எங்க முற்றத்துலேர்ந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

எனக்கு சென்னை ஞாபகம் வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஆட்டோக்காரரிடம் "ரயிலடிக்குப் போகணும்" என்றேன். "இந்த வார்த்தைய எங்க தாத்தாவோட எரிச்சாச்சே, நீங்க எந்த ஊரு?" என்று சிரித்தார். பர்மாத் தமிழ் அப்படித்தான், அன்று கப்பலில் ஏறிய தமிழ் இன்னும் இறங்கவில்லை. மிச்ச நாளெல்லாம் கடைகளில் விரலை நீட்டியே சாமான் வாங்கினேன். இதைச் சொன்னதும் பெரியவர் கம்பியை விடாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகள் அருகே வந்து நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு இப்படிப் பேச வருமா?"

அவர் பதில் சொன்னார். வேகமாகச் சொன்னதில் அவளுக்குப் பாதி புரியவில்லை. டாலாவில் சைக்கா என்ற மிதிரிக்‌ஷா வண்டியில் ஏறியவர் வண்டிக்காரரிடமும் ட்ரியானாப் பேச்சிலேயே கதை சொல்லிக்கொண்டு போனார். வண்டிக்காரர் பர்மிய மொழியில் பதில் சொன்னார். இருவருக்கும் பரம திருப்தி. பின்னால் வந்த வண்டியில் மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா என்ன சொல்றார்?"

அப்பா பேசுவதை மகளுக்கு, ஸ்பானிய மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு, தின்கன்ஜூன் தமிழச்சியான நான் மொழிபெயர்த்தேன். ஓர் இடத்தில் அவள் முகத்திலிருந்த கஞ்சி கரைந்துவிட்டது. அவர் தன் அம்மா அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயரைச் சொன்ன இடம் அது. மகளுக்கு அதுவரை தெரியாதாம்.

அவர்கள் ஊர் திரும்பியதும் பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த வசந்தத்தில் மகள் அவரை ட்ரியானாவுக்கு அழைத்துப் போனாளாம். தொண்டை கட்டும்வரை ஒரு வாரம் தெருத்தெருவாகப் பேசினார் என்று எழுதியிருந்தாள். அந்த முற்றத்து வீடு இல்லை. விடுதியாகிவிட்டது.

பிறகு உலகெங்கும் நோய் பரவி விமானங்கள் நின்றன. நோய் போயிற்று, அதன்பின் வந்த ராணுவ ஆட்சி போகவில்லை. பயணிகளும் வரவில்லை. ரோசியோ கடைசி நேரத்தில் ஒரு விமானத்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். சயா அலுவலகத்தை மூடினார். அந்த மூன்றாவது மாடியில் இப்போது கைப்பேசி உறைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன வாரம் ரோசியோ பேசினாள். அவள் குடியிருந்த மாடியையும் வீட்டுக்காரர் பயணிகளுக்கு விட்டுவிட்டாராம். ஊருக்கு வெளியே போய்விட்டாள். தெருவில் அக்கம்பக்கம் என்று யாருமில்லை, பெட்டி உருட்டுகிறவர்கள்தான்.

"உங்க ஊருக்கு வரவேண்டியவங்களையெல்லாம் சேர்த்து இங்கயே அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இருவரும் சிரித்தோம். அங்கே வாடகை எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். வாடகைக்கு ஸ்பானியச் சொல் வரவில்லை. யோசித்தேன், பர்மியச் சொல் வந்தது. அதையே சொன்னேன். இங்கே குடியிருந்தபோது கற்ற அந்தச் சொல் அவளுக்கு மறந்துபோயிருந்தது.