பாதிக் கித்தார்

எனக்குக் கித்தாரில் பாதிதான் தெரியும். வலது கையின் பாதி. இடது கை விரல்களால் கம்பியை எங்கே அழுத்துவது என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் அந்தப் பாதி என்னைப் பட்டினி போட்டதில்லை. கல்யாண வீடு, நாடகக் கொட்டகை, கோத்தா கோலா மூடாவில் மீன் காயவைக்கிற கூட்டம் என்று போன இடமெல்லாம் டோலக்கோ தகர டின்னோ கையில் கிடைத்ததைத் தட்டினேன். தாளம் தப்பாதவளுக்கு ஒரு தட்டு சோறு எப்படியும் கிடைத்தது.

மலாயாவில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன மறுநாள் லயத்து ஜனம் பங்களாவுக்குள் புகுந்தது. அரிசி, கொசுவலை, சட்டிபானை என்று ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள். அங்கே கார் கழுவிக்கொண்டிருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சோத்துக்கு வழியில்ல, கட்டையத் தூக்கிட்டு வந்துட்டான் பாரு, என் கூடப் பொறந்தவன்!"

மாமாவுக்குத் தெரிந்தது கம்பியில் விரல் வைக்கிற மூன்றே பிடிகள். துரையின் மலாய் டிரைவர் காட்டிக்கொடுத்தவை. அவற்றுக்குப் பெயர் தெரியாததால் மாமாவே பெயர் வைத்தார்: வீடு, கடை, ரப்பர்ப் பால் கொட்டகை. வீட்டிலிருந்து கிளம்பவேண்டும், கடைக்குப் போகவேண்டும், பால் கொட்டகைக்குப் போகவேண்டும், எங்கே சுற்றினாலும் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவருக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். அறுந்துபோன ஒரு கம்பிக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் கம்பியின் இழை ஒன்றைக் கட்டியிருந்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் லயத்து வாசலில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருப்பார். அம்மா திட்டிக்கொண்டிருப்பாள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருசம் அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மூன்று மாதமும் போனது, அதற்குமேலும் போனது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி மறுபடியும் லயத்துக்கு வந்து அடுத்த ரயிலுக்கு ஆள் எழுதினார். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்த ஆண்பிள்ளை மாமா ஒருவர்தான். அவர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே மாமாவின் வலது கையில் வெட்டு விழுந்தது. அம்மா பால்மரம் வெட்டுகிற உளியை மாமா தீட்டும்போது வழுக்கிவிட்டது என்றார்கள். நான் சுள்ளி பொறுக்கிவிட்டு வந்தபோது தரையெல்லாம் ரத்தம், மாமா சுவரில் சாய்ந்திருந்தார், அம்மா துணி கிழித்துக்கொண்டிருந்தாள். கிராணி வந்து பார்த்துவிட்டு, "சரி, ஆறட்டும். ஒவ்வொரு ரயிலுக்கும் வந்து பாப்பேன்" என்று சொல்லிப் போனார். ஆறினால் சயாம் என்பது எனக்கும் புரிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. கித்தாரைக் கண்டாலே எரிந்து விழுகிற அம்மா, என்னை இழுத்துவந்து மாமாவின் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இவன் கை சும்மா இருக்காது. நீ அடி. இவன் புடிக்கட்டும்."

இப்படியாக ஒரு கித்தாருக்கு இரண்டு பேர் ஆனோம். மாமா இடது கையால் பிடிப்பார். அவருடைய வலது கை கட்டுப்போட்டு நெஞ்சில் தூக்கியிருக்கும். அவர் மடியில் கிடக்கிற கித்தாரின் மறுபக்கம் நான் மண்டிபோட்டு உட்கார்ந்து, உடைந்த சீப்புத் துண்டால் கம்பியை அடிப்பேன். பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரன் நெல் அடைக்க எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் வேறு படிப்பு இல்லை.

முதல் வாரம் விறகு வெட்டுகிற மாதிரி வெட்டினேன். மாமா பல்லைக் கடித்தார்.

"மருமகளே, தோளத் தூக்காத. கை கழுவிட்டுத் தண்ணிய உதறுவியே, அந்த மாதிரி. மணிக்கட்டு மட்டும்."

உதறல் வந்தது. தாளம் வரவில்லை. ஒரு அடி தப்பினால் திகைத்துக் கையை நிறுத்திவிடுவேன். நிறுத்துவதுதான் பெரிய தப்பு, தப்பாக அடிப்பது சின்னத் தப்பு என்றார் மாமா. எனக்கு அது தலையில் ஏறவில்லை.

ஏறவைத்தது உரல். அரிசி காணாமல் போய் எல்லார் வீட்டிலும் மரவள்ளிதான். காயவைத்த கிழங்கை அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரே உரலில் மாற்றி மாற்றி இடிப்பார்கள். அம்மா உலக்கை கீழே போகும்போது அத்தை உலக்கை மேலே. ஒருநாள் என் கை தானாக அதோடு போனது. அம்மாவுக்குக் கீழடி, அத்தைக்கு மேலடி. நடுவில் அத்தை குனிந்து மாவைத் தள்ளிவிடுவாள். அப்போது அவள் உலக்கை இடிக்காது, ஆனால் அவள் முறை போய்க்கொண்டுதான் இருக்கும். அம்மா அவசரப்பட்டு அந்த இடத்தில் இடிக்கமாட்டாள். நானும் அந்த மேலடியில் கையைக் கம்பியில் படாமல் கொண்டுபோனேன். திடீரென்று அது பாட்டு மாதிரி கேட்டது. மாமா பிடியை மாற்ற மறந்து என்னைப் பார்த்தார்.

"பொட்டப்புள்ள கையில கட்டையக் குடுத்திருக்கியே, நாளைக்கு இவள யாரு கட்டுவா?" என்றாள் அத்தை.

"நாளைக்கு இருந்தா பாத்துக்கலாம்" என்றாள் அம்மா, உலக்கையை நிறுத்தாமல்.

மாமாவின் கை மட்டும் ஆறவே இல்லை. தினமும் அம்மா குளிக்கிற மறைப்புக்குள் அவரைக் கூட்டிப்போய்க் கட்டு மாற்றுவாள். என்னை உள்ளே விடமாட்டாள். கட்டு நாறும். சீழ் பிடித்துவிட்டது, கையை எடுக்கவேண்டி வந்தாலும் வரும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பயந்து இன்னும் கவனமாக அடித்தேன்.

கவனமாக அடித்ததுதான் வினையாகிவிட்டது. அந்த மாதத்து ரயிலுக்கு ஆள் பார்க்க கிராணி ஒரு ஜப்பான் அதிகாரியோடு வந்தபோது, நாங்கள் வீட்டுக்குள் வாசித்துக்கொண்டிருந்தோம். ரோட்டிலிருந்து கேட்டால் தேறின ஆம்பளை ஒருத்தன் வாசிக்கிற மாதிரி இருந்திருக்கிறது. கதவை உதைத்துத் திறந்தார்கள்.

"கை புண்ணுன்னு சொன்னியே? இப்ப யாருடா வாசிச்சது?" என்றார் கிராணி.

"பாதி நானு. பாதி இவ" என்றார் மாமா.

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. வாசலைக் காட்டினான். கித்தாரோடு வெளியே வந்து உட்கார்ந்தோம். மாமா 'வீடு' பிடித்தார். என் கை எழும்பவில்லை. சீப்புத் துண்டு வியர்வையில் வழுக்கியது. ஒரு அடி அடித்தேன், அடுத்தது தப்பியது, வழக்கம்போல் நின்றுவிட்டேன். அதிகாரி மாமாவின் கட்டுக்கு நேராகக் கையை நீட்டினான்.

அப்போது உலக்கை விழுந்தது. அம்மா எங்கள் பக்கம் திரும்பாமல் இடித்துக்கொண்டிருந்தாள். அத்தையும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். உரலில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன். வெறும் உரலை இடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று விளையாட்டுக்கு இடித்த என்னை முதுகில் அறைந்தவள் அம்மா. இப்போது அவளே வெறும் உரலை இடிக்கிறாள். ஏன் என்று யோசிக்க நேரமில்லை. கை போய்விட்டது. கீழே அம்மா, மேலே அத்தை, தொடாமல் ஒன்று, மறுபடி அம்மா. மாமா வீட்டிலிருந்து கடைக்குப் போனார், பால் கொட்டகைக்குப் போனார். அவருடைய கட்டுக்குள்ளிருந்து விரல் நுனிகள் தாளத்துக்கு ஆடத் தொடங்கின.

"தம்பி, கையத் தூக்கி வெச்சுக்க. தொங்கவிட்டா வலிக்கும்ல" என்றாள் அம்மா, இடித்தபடியே.

விரல்கள் நின்றன. இந்த நேரத்திலும் தம்பியை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அதிகாரி குனிந்து கட்டுத் துணியை முகர்ந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தான். என் தலையில் ஒரு தட்டு தட்டி, "பாகுஸ்" என்றான். அவன் பாராட்டியது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மாமா சயாமுக்குப் போகவில்லை. அப்பா திரும்பவில்லை. ஜப்பான்காரன் போன மாதமே மாமாவின் கை ஆறிவிட்டது. எல்லாருக்கும் நல்ல காலம் வந்ததால் கைக்கும் வந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறு வயதில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கையைப் பிடித்துக் காட்டினார்: இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்த கோடு, பட்டையைச் சீவவேண்டும், கட்டையைத் தொடக்கூடாது, தொட்டால் மரம் காயப்படும். ஒரு வாரம் கழித்து ஊருக்கு வந்தேன். மாமா எனக்குக் கோப்பி நீட்டினார். அந்தப் புறங்கைத் தழும்பை அதற்கு முன் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். இடது மேலிருந்து வலது கீழாக, கோடு பிடித்த மாதிரி, பிசிறில்லாமல். வழுக்கின உளி அப்படி வெட்டாது. எங்கள் தோட்டத்தில் மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுகிறவள் என்று பேர் எடுத்தது ஒரே ஒருத்திதான்.

அடுப்படியில் அம்மா கிழங்கு ஊறவைத்திருந்தாள். மூன்று நாள் ஊறின தண்ணீரின் வாடை. மாமாவின் கட்டுத் துணியில் அடித்த அதே வாடை.

நான் அம்மாவைப் பார்த்தேன். நான் எதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழங்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"பட்டையோட நிறுத்திட்டேன். கட்டையில படல."