மூன்று முறை பார்த்த ரத்தம்

என் அண்ணியின் ரத்தத்தை ஏழு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்துப் பார்த்தவள் நான். மூன்று முறையும் சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதியதும் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூரில் ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்திருந்தேன். அப்பா அம்மா போய்விட்டதால் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வயசுப் பெண் வேலைக்குப் போவது அவருக்கு அறவே பிடிக்காது. அண்ணி ஒரு மாதம் விடாமல் பேசித்தான் அவரைச் சம்மதிக்கவைத்தாள்.

எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் ஊரில் உள்ள அத்தனை பேருடைய உடம்பும் எனக்கு அத்துப்படி என்று நினைப்பு. உண்மையில் எங்களுக்குத் தெரிந்தது நாலைந்து பரிசோதனைதான். ரத்தம் கம்மியா, சர்க்கரை உண்டா, அணுக்கள் எத்தனை, குழாயில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது. அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போவது புருஷன். “ரெண்டு நாளா வயித்து வலின்றாங்க” என்று அவர் போய்ச் சொல்லி மாத்திரை வாங்கி வருவார். மறைவான இடத்தில் என்றால் புருஷனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் ரத்தம் கொடுப்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. தலைப்பை விலக்க வேண்டாம், முழங்கை மடிப்பை நீட்டினால் போதும். அதனால் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் ரத்தமாக எங்களிடம் கொடுத்துவிட்டு, “சும்மா எல்லாத்தையும் பாத்துடும்மா” என்பார்கள். நாங்களும் பார்த்துக் கொடுத்தோம்.

வைகாசியில் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அண்ணி உள்ளே வந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“அசதியா இருக்குது. கொஞ்சம் பாரேன்.”

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சீட்டைக் கொடுத்தபோது கேட்டாள்: “எந்த வியாதியா இருந்தாலும் இதுல தெரிஞ்சிடுமா?”

“ரத்தத்துல தெரியாதது ஒண்ணும் கெடையாது அண்ணி” என்றேன். படித்த புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஆவணியில் மறுபடி வந்தாள். மறுபடியும் நார்மல். இந்தத் தடவை, “கட்டி கிட்டி ஏதாவது இருந்தாக்கூட காட்டுமா?” என்று கேட்டாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். காட்டாமல் எங்கே போகும் என்று சிரித்துக்கொண்டே சிரிஞ்சைக் கழுவப் போய்விட்டேன். அவள் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் மூன்றாவது முறை வந்தாள். ரத்தம் பழையபடி சுத்தமாக இருந்தது. எனக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ இடறியது. நோய் இல்லாதவள் எதற்கு மூன்று முறை வருகிறாள்? கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னாள். என் கையைப் பிடித்து ரவிக்கையின் மேல், இடது பக்கம் வைத்தாள். சின்ன எலுமிச்சங்காய் அளவு இருந்தது. கல் மாதிரி கெட்டி. அழுத்தினால் நகரவில்லை.

“எப்பலேருந்து?”

“வைகாசிலேருந்து. மொத தடவ உங்கிட்ட வந்தப்ப புளியங்கொட்ட மாதிரி இருந்துச்சி. ரத்தம் நல்லா இருக்குன்னியா, சரி, ஒண்ணுமில்லன்னு உட்டுட்டேன்.”

நான் கையை எடுக்காமல் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன். “வலியே இல்ல. பயப்படாத” என்று எனக்குத் தைரியம் சொன்னாள். மார்பில் வலிக்காத கட்டி என்றால் என்ன என்று தெரிகிற அளவுக்கு நான் படித்திருந்தேன்.

நாளைக்கே வேலூர் போகலாம் என்றேன். “தீபம் முடியட்டும்” என்றாள் அண்ணி. எங்கள் ஊரில் கார்த்திகையில் எதைச் சொன்னாலும் இதுதான் பதில். தீபத்துக்கு அடி அண்ணாமலையிலிருந்து எங்கள் சித்தப்பா வீட்டார், வந்தவாசியிலிருந்து அவள் பிறந்தகத்தார் என்று வீடு கொள்ளாமல் ஜனம் வரும். அத்தனை பேருக்கும் அவள் ஒருத்திதான் சமைக்க வேண்டும். நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தள்ளிப்போனால் அண்ணனிடம் சொல்வதும் தள்ளிப்போகும் என்கிற ஈனப் புத்தி எனக்கும் இருந்தது.

அந்தப் பத்து நாளை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. அண்ணி இடது கையால் தவலையைத் தூக்கினால் நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொன்னால் நாக்கில் ருசி தெரியவில்லை. வேலை நேரத்தில் அணுக்களை எண்ண உட்கார்ந்தால் பாதியில் கணக்கு விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். இதற்குள் அது இன்னும் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்றே மனம் போய்க்கொண்டிருந்தது. மலையில் தீபம் ஏற்றியதும் தெருவே கைகூப்பி நின்றது. எனக்கு ஒரு வேண்டுதலும் வாயில் வரவில்லை, சீக்கிரம் எல்லாரும் ஊருக்குப் போங்கள் என்பதைத் தவிர.

எல்லாரும் போன மறுநாள் காலை அண்ணனிடம் கட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

“ரத்தம்லாம் நல்லா இருக்குன்னு நீதான சொன்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். “அப்ப இது இல்லீங்க. இந்த ஒரு மாசமாத்தான் இருக்குது.”

அண்ணன் நம்பிவிட்டார். எனக்கு அந்த நிமிஷம் வந்தது நிம்மதிதான். இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் நிம்மதிதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இருந்தார். அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு நானும் அண்ணியும் உள்ளே போனோம். டாக்டர் கட்டியைப் பார்த்தார், அக்குளில் விரல் வைத்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“ஒரு மாசமா” என்றாள் அண்ணி.

“ஒரு மாசத்துலயா இவ்ளோ வளந்துச்சி?” டாக்டரின் பேனா நின்றது. பிறகு எழுதினார். நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டில் தப்பாக ஒரு வார்த்தை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது நன்றாகவே தெரியும். வெளியே வந்து அண்ணியை பெஞ்சில் உட்காரவைத்தேன். கைக்குட்டையை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

“ஒரு மாசம் இல்லீங்க டாக்டர். ஏழு மாசம். ரத்தம் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தான்.”

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். “இது ரத்தத்துல தெரியாதும்மா. கை வெச்சுப் பாக்கணும். இனிமே வர்ற பொம்பளைங்ககிட்டயாவது அதச் சொல்லு” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாமென்று இருந்திருக்கும்.

அண்ணிக்கு நான் என்ன சொன்னேன் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். “டாக்டர்கிட்ட சொன்னது சரி. உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத” என்றாள். “அப்புறம் உன்ன வேலையிலேருந்து நிறுத்திட்டுதான் மறுவேல பாப்பாரு.”

சதைத் துண்டு எடுத்துச் சோதித்து, புற்றுநோய்தான் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். கரண்ட் வைப்பது என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சையும் கொடுத்தார்கள். அண்ணி மூன்று வருஷம் இருந்தாள். அந்த மூன்று வருஷமும் நான் வேலைக்குப் போனேன். ரத்தம் கொடுக்க வருகிற பெண்களிடம் கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பில் எங்கேயாவது கட்டி இருக்கிறதா என்று கேட்பேன். சிலர் முறைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

அண்ணி போன அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் அண்ணன் ஒரே பேச்சைச் சொல்லிச் சொல்லி அழுதார். “ஒரே மாசத்துல கண்டுபுடிச்சி இட்டுக்கினு போனோங்க. எந்தங்கச்சி படிச்ச படிப்புதான் கண்டுபுடிச்சுது. அப்பவும் காப்பாத்த முடியலியே.” வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.