என் வலது முட்டி செய்த புதுமை

லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் இருபது வருடமாக ஊரிலுள்ள எல்லா மாடிகளையும் காலால் ஏறித் தீர்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு த்ராஷ் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசிப்பேன். அந்த இசையில் கிடார் தலைதெறிக்க ஓடும், பாடகன் தொண்டை கிழியக் கத்துவான், டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் பெடலை மிதித்து அவர்களை முந்தப் பார்ப்பான். ஊரிலேயே வேகமாக மிதிப்பவன் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஊரில் வேறு டிரம்ஸ்காரனும் இல்லை.

நாங்கள் நாலு பேர். கிடார் வாசிப்பவர் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். வாத்தியார் என்றே கூப்பிடுவோம். பாடுகிறவன் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவன். அவன் கத்தலைக் கேட்டு யாரோ குயில் என்று பெயர் வைக்க, அது ஒட்டிக்கொண்டது. பேஸ் கிடார் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அவனைச் சேர்த்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நான்காவது ஆல்பத்தைப் பதிவு செய்ய இரண்டு வாரம் இருக்கும்போது என் வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அப்புறம் ஏன் இவ்வளவு படி ஏறுறீங்க?"

 ஆறு மாதத்துக்கு வலது காலுக்கு வேகமே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

"அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. முட்டி வலின்னா யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள் மனைவி. சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குயிலுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டபோது ஒரு மாதம் சிரித்தவனே நான்தான்.

எங்கள் ஸ்டுடியோ ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. சத்தம் வெளியே போகாதிருக்க, விற்காத மெத்தைகளைச் சுவர் முழுக்கச் சாத்தி வைத்திருந்தார்கள். பூப்போட்ட மெத்தைகளுக்கு நடுவில் நின்றுதான் நாங்கள் நரகத்தைப் பற்றிப் பாடுவோம். அங்கே வைத்து ஆரம்பித்தேன்.

"எவ்வளவு நாளைக்குத்தான் ஓடிக்கிட்டே இருக்கறது? வேகத்துக்குள்ளயும் ஒரு நிதானம் இருக்கு. இந்தத் தடவை அதைத் தேடிப் பாப்போம். ஒரு பரிசோதனையா இருக்கட்டும்."

எங்கே படித்தேனோ, வாய் அதுபாட்டுக்குப் பேசியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷத்துல நீ சொன்ன முதல் உருப்படியான யோசனை இதுதான்டா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இரண்டு நிமிடப் பாட்டு பதினாலு நிமிடமானது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நான் மறுநாள் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று யோசித்து முடித்துவிடுவேன். மச்சான் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இப்ப மாத்தவா?" என்று கேட்டபடி இருந்தான். அவ்வளவு மெதுவாகக் கத்த குயிலுக்கு மூச்சு போதவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலிலேயே, "நாப்பத்தி மூணு, உள்ள போங்க" என்று பதிவு செய்தான். சாவைப் பற்றிய பாட்டு அது. பதிவானதைக் கேட்டதும் வாத்தியார் எழுந்துபோய் இன்னொரு விளக்கைப் போட்டார்.

இணையத்தில் இசைப் பத்திரிகை நடத்தும் ஒரு பெண் பேட்டி எடுக்க வந்தாள். இந்த நிதானத்துக்குப் பின்னால் இருக்கும் தத்துவம் என்ன என்று கேட்டாள். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மௌனமும் ஒரு தாளம்தான்" என்றேன். அதை அவள் எழுதிக்கொண்டாள்.

பேட்டி வெளியான அன்று மனைவி அதைச் சமையலறையில் ஃபோனில் படித்துவிட்டு, கூடத்துக்கு வந்து என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். முட்டிக்குப் போடும் தைலத்தை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு மெத்தைகளுக்கு நடுவில் உண்மையைக் கக்கினேன். "நிதானமும் இல்ல, தத்துவமும் இல்ல. எனக்கு முட்டி வலி."

"தெரியுமே" என்றான் குயில்.

நான் டாக்டரிடம் போன அன்றே, அக்கா சொல்லக் கேட்டு, மச்சான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். அவன் கம்பிகளைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"அப்புறம் ஏன் என்னை அவ்வளவு பேச விட்டீங்க?"

"கேக்க நல்லா இருந்துச்சு" என்றார் வாத்தியார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதோட, மெதுவா வாசிச்சப்பதான் என் விரல் எங்கெல்லாம் தப்பு பண்ணுதுன்னு எனக்கே கேட்டுச்சு. இத்தனை வருஷம் நீ மிதிச்ச மிதியில அது வெளிய தெரியல. நமக்கு வாசிக்கத் தெரியுமான்னு ஒரு தடவை பாத்துடலாம்னு தோணுச்சு" என்றார்.

ஆல்பம் வெளிவந்தது. பழைய ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தன் ஃபோன்தான் கெட்டுவிட்டதோ என்று கடைக்கு எடுத்துப் போனதாக ஒருவர் எழுதினார். மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் ஒரு அம்மா, வகுப்பில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். என் மனைவி முதல்முறையாக எங்கள் ஆல்பம் ஒன்றை முழுக்கக் கேட்டாள். மூன்றாவது பாட்டிலேயே தூங்கிவிட்டாள். அதுவும் கேட்டதில் சேர்த்தி என்கிறாள்.

எட்டாவது மாதம் முட்டி சரியாயிற்று. ஸ்டுடியோவில் எங்கள் பழைய பாட்டிலேயே வேகமானதை எடுத்தோம். பயந்துகொண்டே மிதித்தேன். கால் பறந்தது. கடைசி அடியை அடித்து, குச்சிகளைத் தூக்கிப் பிடித்துத் திரும்பிப் பார்த்தால், மற்ற மூவருக்கும் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. எட்டு மாத நிதானம் அவர்கள் கையில் ஊறிப்போயிருந்தது. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.