ஒட்டுக்கார வெனான்

“களம் காலி” என்று நடுவர் ரோடெல் சொல்லி வாயை மூடுவதற்குள் வெனான் கிளம்பிவிடுவார். இடது முன்கையில் முழங்கை வரைக்கும் பழுப்பு நிறக் காகித ஒட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சுட்டவர் துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறையில் போட்டாயிற்று. இனி ரோடெல் குறி அட்டை ஒவ்வொன்றாகப் போய் “ரெண்டு ஏ”, “ஒரு ஏ, ஒரு சி” என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும், நடுவில் பட்டது ஏ, தள்ளிப் பட்டது சி; ஒருவர் எழுதிக்கொள்வார், பின்னால் வருகிறவர்கள் ஓட்டைகளை ஒட்டி மூடுவார்கள். மூடாவிட்டால் அடுத்தவருடைய ஓட்டை எது, முந்தினவருடையது எது என்று தெரியாது. வெனான் ஒரு ஒட்டை உரித்து ஓட்டையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு அடுத்தது.

எல்லோரும் முறைபோட்டுச் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் சான் பாப்லோ ஊரின் பழைய கல்குவாரிக்குள் மாதம் ஒருமுறை நடக்கும் இந்தத் துப்பாக்கிப் போட்டியில், வெனான் இருக்கிற குழுவுக்கு அந்தக் கவலையே கிடையாது. மற்றவர்கள் தகரக் கொட்டகை நிழலில் நின்று தோட்டா நிரப்பிக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். சில சமயம் இவர் ரோடெலையே முந்திக்கொண்டு போய்விடுவதும் உண்டு. “குயா, நான் சொன்னப்புறம் ஒட்டுங்க. என் வேலையையும் நீங்களே பாத்தா நான் வீட்டுக்குப் போயிடுவேன்” என்பான் ரோடெல். ஐம்பத்தேழு வயதாகிறபடியால் அங்கே எல்லோருக்கும் அவர் குயாதான், அண்ணன்தான். அவர் சிரித்துக்கொண்டே ஓரடி பின்வாங்குவார். இரண்டு அட்டை தாண்டியதும் மறுபடியும் முந்திவிடுவார். கைக்கு ஒரு வேலை இருந்தால் நாலு பேர் நடுவில் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். தலையைக் குனிந்தபடியே ஊரைச் சுற்றிவருகிற உத்தியோகம். வாசலோரத்து இரும்பு மூடியைத் தூக்குவார், எண்ணைக் குறிப்பார், மூடியை இறக்குவார். “பூந்தொட்டிக்குப் பின்னாடி இருக்கு” என்பதற்கு மேல் அவரிடம் யாரும் பேசுவதில்லை. யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பதெல்லாம் மீட்டரே அவரிடம் சொல்லிவிடும். அதைத் திருப்பிச் சொல்லத்தான் ஆளில்லை. அவருடைய சொந்த வீட்டு மீட்டர் மாதம் இருபத்திரண்டு யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஃபெலிசா கனடாவுக்கு ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன பிறகு பன்னிரண்டானது. மகளும் அங்கேயே போய்ச் சேர்ந்த பிறகு நாலு.

அந்த நாலுதான் அவரைத் துப்பாக்கிக்குத் துரத்தியது. பல் டாக்டர் மரிவிக் வீட்டு மீட்டரைப் படிக்கப் போன ஒரு நாள், அந்த அம்மாள் வாசலில் துப்பாக்கி உறைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டாள். வெனான் தூங்குகிறேன் என்றார். அது பொய் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவரைக் காரில் ஏற்றிக் கல்குவாரிக்கு அழைத்துப் போனாள். உரிமம், புதியவர்களுக்கான பாதுகாப்புப் பரீட்சை எல்லாம் முடிந்து, அவளுடைய அண்ணனின் பழைய பிஸ்டல் இவர் பெயருக்கு மாற நாலு மாதம் ஆயிற்று.

முதல் போட்டியின் முதல் ஆட்டத்தில் பதினாறு தோட்டா சுட்டார். ஐந்து மண்மேட்டில் போய்ச் சொருகின. இரண்டு, சுடவே கூடாத வெள்ளை அட்டையின் நெஞ்சில் மிகத் துல்லியமாகப் பாய்ந்தன. “குறி நல்லாத்தான் இருக்கு குயா, ஆளத்தான் மாத்திட்டீங்க” என்றாள் மரிவிக். கடைசி இடம். அன்றைக்கு அவமானத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல்தான் முதல் ஒட்டை உரித்துக் கையில் எடுத்தார்.

ஏழு வருஷமாயிற்று. இப்போது கடைசி இடமில்லை. கடைசிக்கு நாலைந்து இடம் மேலே. வேகத்தை மறந்துவிட்டு, குழல் நுனியிலிருக்கும் முன்குறியைப் பார்த்து விசையை அழுத்தச் சொன்னவன் ரோடெல். வேகம் தன்னால் வரும் என்றான். அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் வெறும் விரலை நீட்டியபடி, எங்கே நிற்பது, எங்கே திரும்புவது, எங்கே தோட்டா மேகசின் மாற்றுவது என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்து பார்ப்பார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல இருக்கும்.

காலையில் வீட்டிலும் பயிற்சி உண்டு. தோட்டாக்கள் அடுத்த அறைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். காலித் துப்பாக்கியை மூன்று தடவை திறந்து பார்த்துக்கொள்வார். குளிர்பெட்டிக் கதவில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அட்டை. டைமர் கீச்சிட்டதும் உறையிலிருந்து உருவி, குறி பார்த்து, ஒரு சொடுக்கு. முன்பெல்லாம் டைமர் கிடையாது. இவர் சுடத் தொடங்கிய முதல் வருஷம், ஃபெலிசா போனிலிருந்தே நடுவர் மாதிரி “தயாரா? காத்திரு...” என்று சொல்லிவிட்டு வாயாலேயே கீச்சென்று ஒலி எழுப்புவாள். அது எப்போது வரும் என்று கணிக்கவே முடியாது. நடுவில் யாரோ கதவைத் தட்டினால் போய்விடுவாள். இவர் கையைத் தொங்கவிட்டபடி காத்து நிற்பார். டைமர் அப்படி ஒரு நாளும் எழுந்து போனதில்லை. அதுதான் அதில் குறை.

அந்தக் காலைப் பேச்சு நின்று வெகுநாளாகிறது. இப்போது ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மட்டும் கூப்பிடுவாள். அங்கே அது காலை ஏழு, வேலைக்குக் கிளம்பும் நேரம். போட்டி நடந்த ஞாயிறென்றால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை மிஸ்? இவர் ஆறு என்பார், மூன்று என்பார், ஒருமுறை ஒன்று என்றார். அன்றைக்குத்தான் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “என்னிக்கு ஒரு மிஸ்ஸும் இல்லாம வர்றியோ, அன்னிக்கு நான் பிளேன் ஏறிடறேன் வெனான்.”

விளையாட்டுப் பேச்சென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. முதல் தடவை அவள் வருவதாக இருந்தபோது விடுப்புக் கிடைக்கவில்லை. அடுத்த தடவை அந்தப் பெரியவர் இடுப்பை உடைத்துக்கொண்டார். மூன்றாம் தடவை அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

போன ஜூன் போட்டியில் நாலு ஆட்டம். மூன்று ஆட்டம் முடிந்தபோது அவருடைய மதிப்பெண் சீட்டில் மிஸ் என்ற கட்டத்தில் மூன்றும் பூஜ்யம். ஃபெலிசா சொன்னது தெரிந்த மரிவிக்தான் முதலில் கவனித்தாள். வாழையிலையில் வைத்திருந்த பன்சித் சேமியாவை அவர் தொடவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாலாவது ஆட்டத்தில் எட்டு அட்டை, அட்டைக்கு இரண்டு தோட்டா. டைமர் கீச்சிட்டது. மற்றவர்கள் ஓடுகிற இடத்தில் வெனான் நடந்தார், மீட்டர் படிக்கப் போகிறவர் மாதிரியே. நிறுத்தி வைத்த பலகைச் சுவருக்கு இடப்பக்கம் மூன்று அட்டை, மேகசின் மாற்றல், அதன் ஜன்னல் வழியாக இரண்டு. கடைசி மூன்றை மிக அருகில் நின்று சுட்டார். துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறையில் போட்டார். “களம் காலி” என்றான் ரோடெல். முதல் அட்டையிலிருந்து எண்ணத் தொடங்கினான். ரெண்டு ஏ. ஒரு ஏ, ஒரு சி. ரெண்டு ஏ. ஒவ்வொரு அட்டைக்கும் கொட்டகையில் இருந்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

ஒரு மிஸ்ஸும் இல்லாமல் ஏழாவது அட்டைக்கு ரோடெல் வந்தபோது, எட்டாவது அட்டை சுத்தமாக இருந்தது. புதிதாக ஒட்டிய இரண்டு பழுப்பு ஒட்டுகள். வெனானின் கட்டைவிரல் இரண்டாவதன் மேல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

சுட்டவர் தன் அட்டையை, நடுவர் எண்ணி முடிக்கும் முன் தொடக் கூடாது. தொட்டால் அந்த அட்டை முழுவதையும் மிஸ் என்று எழுத நடுவருக்கு அதிகாரம் உண்டு. அதை வெனானே எத்தனையோ புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஏழு வருஷப் பழக்கம். கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது.

ரோடெல் எட்டாவது அட்டைக்கு வந்து குனிந்து பார்த்தான். “பசை இன்னும் காயலை குயா. உரிச்சுப் பாத்துடலாம். ரெண்டும் நடுவுலதான் இருக்கும், எனக்குத் தெரியும்.”

“இருக்கும்னு எழுத முடியாது” என்றார் வெனான்.

“அதான் உரிச்சுப் பாக்கலாம்ங்கறேன்.”

“யாருக்கும் ஆட்சேபணை இல்ல குயா” என்றாள் மரிவிக் பின்னாலிருந்து.

வெனான் அட்டையைப் பார்த்தார். ஒட்டின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் தொட்டால் போதும். அடியில் இருப்பது என்னவென்று அவருக்கும் தெரியும். சுட்டபோதே முன்குறி எங்கே நின்றது என்று பார்த்தவர்தான். அதை உரித்துவிட்டால் இன்று ஏழு மணிக்கு, ஒன்றுமில்லை ஃபெலிசா, பூஜ்யம் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன பிறகு அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. இந்தப் பயம் இத்தனை நாள் தனக்குள் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

தூக்கி நின்ற மூலையை அழுத்தி ஒட்டினார். “ரெண்டு மிஸ். எழுதிக்கோ தம்பி.”

கொட்டகையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இப்படி நேர்மையான மனுஷனைப் பார்த்ததில்லை என்று ஒருவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பரிசளிப்பிலும் அதைச் சொன்னார்கள். வெனான் தலையைக் குனிந்துகொண்டார். மரிவிக் மட்டும் கைதட்டவில்லை. திரும்பும்போது காரில் பாட்டுப் போடாமல் ஓட்டினாள்.

மாலை ஏழு மணிக்கு, பொரித்த கருவாடும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஃபெலிசா தலை சீவிக்கொண்டே வந்தாள். பின்னால் அவர் பார்த்தறியாத ஒரு சமையலறை. மழையா, சாப்பிட்டாயா என்று எதையும் கேட்கவில்லை.

“எத்தனை மிஸ்?”

சீப்பு நடுத்தலையில் நின்றது. பதிலுக்குக் காத்திருந்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தது போல அவருக்குத் தோன்றியது. வெனான் இரண்டு விரலை உயர்த்தினார். அவள் முகம் அடுத்து எப்படி மாறுகிறது என்று தன் கண்ணில் படாதபடி, அந்த விரல்களைப் போனுக்கு மிக அருகே, அவள் முகத்தின் மேலேயே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார்.