அடியில் வெள்ளை வேண்டாம்

ஊட்டியில் டிசைனர் வேலை என்றால் பாதி நாள் பனிமூட்டம் போடுவதுதான். ஹோம்ஸ்டே போர்டா, சாக்லேட் டப்பாவா, கல்யாண பேனரா, எதுவானாலும் "பின்னாடி கொஞ்சம் பனி போட்டுருங்க" என்பார்கள். ஜன்னலைத் திறந்தால் நிஜப் பனி ஓசியில் உள்ளே வரும் ஊர் இது. அதற்கும் என்னிடம்தான் வருகிறார்கள்.

பனி போடுவது என்றால், ஒரு வடிவம் வரைந்து, ஒரு முனையில் நிறத்தை முழுசாக வைத்து, மறுமுனையில் ஒன்றுமே இல்லாமல் செய்வது. நிறம் போகப்போகக் கரைந்து பின்னால் இருக்கும் மலை தெரிய வேண்டும். கேட்க என்னவோ சுலபம். நாற்காலிக்குப் பின்னால் கஸ்டமர் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, அவர் மூச்சு பிடரியில் பட வேலை பார்க்கும் என் இனத்து ஜனங்களே, அந்தப் பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் கமலா அக்காவின் டீத்தூள் கவர். அக்கா முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர். இப்போது சொந்தமாக அரை ஏக்கர். அதில் கிள்ளிக் கையால் உருட்டிய டீயை முதல்முறையாகத் தன் பேரில் விற்கப் போகிறார். சேரிங் கிராஸில் ஒரு கடைக்காரர், கவர் லட்சணமாக இருந்து, சீசன் கூட்டம் வருவதற்குள் சரக்கும் வந்துவிட்டால் அலமாரியில் ஒரு தட்டு அக்காவுக்கு என்று சொல்லியிருந்தார். தவறினால் அந்தத் தட்டுக்கு வேறு ஆள் காத்திருந்தார். அந்த ஒரு தட்டுக்கு நான் எப்படி உலை வைக்கப் பார்த்தேன் என்று சொல்வதற்கு முன், நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டாமா?

சுண்ணாம்பு மலை

தொழிலுக்கு வந்த புதிது. கிளென்மார்கன் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலையைப் படம் எடுத்துக் கொண்டுவந்தார். படத்தின் மேல் ஒரு கரும்பச்சைப் பட்டை, அதில் பேர். பட்டை வலது பக்கம் போகப்போகப் பனி மாதிரி மறைந்து மலை தெரிய வேண்டும். நான் பச்சையை அழகாக வெள்ளைக்கு இறக்கினேன். வெள்ளைப் பக்கத்தில் தனியாக வைத்துப் பார்த்தபோது மறைந்த மாதிரியேதான் இருந்தது. அவசரக்குடுக்கை நான், படத்தின் மேல் வைத்தவன் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் பிரின்ட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளை வேறு, ஒன்றுமில்லாதது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போர்டில் பாதி மலை வெளுத்துப்போய் நின்றது. இனி செத்தாலும் வெள்ளைக்கு இறக்குவதில்லை, ஒபாசிட்டியை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, பூஜ்யம் வைத்து ஒன்றுமில்லாமல்தான் கரைப்பேன் என்று சத்தியம் செய்தேன். அப்படிச் செய்ய வைத்தது அவர் போர்டைப் பார்த்துச் சொன்னதுதான்: "ஏனுங்க, நான் பனிதானுங்க கேட்டேன். மலைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லலீங்களே!"

மாமன் மடி

கரைக்கக் கற்றுக்கொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கரைத்தேன். காந்தலில் ஒரு காதுகுத்துக்கு பேனர். குழந்தை நடுவில், சுற்றிலும் சொந்தக்காரர்கள். எல்லோரையும் இடுப்புக்குக் கீழே ரோஸ் நிற மேகத்தில் கரைத்துவிட்டேன். பார்க்கத் தேவலோகம் மாதிரி இருந்தது. நானே எழுந்து நின்று ரசித்தேன் என்றால் பாருங்கள்.

பேனர் வாங்க வந்தவர் குழந்தையின் தாய்மாமன். பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, அதற்கென்றே ஸ்டுடியோவில் எடுத்த படம் அவருடையது. பேனரைப் பார்த்தார். குனிந்து தன் மடியைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். மனுஷன் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "புள்ளைய மடியில வெச்சுக் காது குத்தறதே நான்தானுங்க. மடியையே கரைச்சுட்டீங்கன்னா புள்ளைய எங்கீங்க உக்கார வெக்கிறது?"

எந்த நேரத்துப் பனி

இப்படியெல்லாம் அடிபட்டு, நானும் ஒரு கைதேர்ந்த ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தப் பங்குனியில் கமலா அக்கா வந்தார். சின்ன வயசில் அப்பா அம்மாவோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். "என் மலை இருக்கணும், பனி இருக்கணும், பேரு பெருசா இருக்கணும் தம்பி" என்றார். வளைவு வளைவாகத் தேயிலை வரிசை வரைந்தேன். மேலே அடர்த்தியாக வைத்து, கீழே வரவர ஒன்றுமில்லாமல் வெள்ளைப் பனியைக் கரைத்தேன். பேரை வெள்ளை எழுத்தில் வைத்தேன். என் கைக்கு நானே முத்தம் கொடுக்கலாம், அப்படி வந்திருந்தது.

அக்கா மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார். காலையில் பனி பள்ளத்தில் கிடக்குமாம், வெயில் ஏற ஏற மேலே எழுந்து போகுமாம். மேலேயிருந்து இறங்குவது பொழுது சாயும் பனியாம். பத்து வருஷமாக இந்த ஊருக்கே பனி போட்டுக் கொடுக்கிறேன், எனக்கு அது தெரியாது. நிறம் கரையும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பிடித்துத் தலைகீழாக இழுத்தேன். கீழே அடர்த்தி, மேலே பூஜ்யம். மலைக்கு அப்படியே விடிந்துவிட்டது. ஏன் மாற்ற வேண்டும் என்று நான் வாதாடாமல் இருக்க அவர் சொன்ன காரணம் போதுமானதாக இருந்தது: "நீங்க முதல்ல போட்டது சாயங்காலப் பனி தம்பி. அந்நேரத்துக்கு நாங்க கொழுந்தை எடை போட்டுட்டு லயத்து வீட்டுக்குப் போயிருப்போம்."

அடியில் வெள்ளை

கவர் அச்சடிப்பது கோயம்புத்தூரில். அங்கே மெஷின் ஓட்டுபவர் பழனிச்சாமி அண்ணன். அளந்துதான் பேசுவார். ஃபைல் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "வெள்ளிக் கலர் கவருங்க தம்பி. அடியில வெள்ளை ஓட்டிட்டு அப்புறம் கலர் போடட்டுங்களா?" என்று கேட்டார். வெள்ளை என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு அந்தச் சுண்ணாம்பு மலை ஞாபகம் வந்துவிட்டது. "ஐயோ, வெள்ளையே வேண்டாமுங்க! பனி இருக்கற எடத்துல ஒண்ணுமே இருக்கக்கூடாது" என்று கத்தினேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். நான் இரண்டாம் முறையும் கத்தினேன்.

சித்திரை பிறந்து, பஸ் பார்சலில் மொத்தக் கவரும் வந்து இறங்கியது. பிரித்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மை இல்லாமல் கவரின் வெள்ளிதான் பளபளத்தது. பனி முழுக்கத் தகரம். அது போதாதென்று, வெள்ளை எழுத்தில் வைத்த அக்காவின் பேரும் வெள்ளியாகியிருந்தது. மறுபடி அடித்து வருவதற்குள் சீசன் தொடங்கிவிடும், அலமாரித் தட்டு கைவிட்டுப் போய்விடும். பழனிச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "ஒண்ணுமே வேண்டாம்னீங்க, ஒண்ணுமே போடலீங்க. ஒண்ணுமில்லாத எடத்துல கவர்தானுங்க தெரியும்."

உறைபனி

அன்று மத்தியானமே அக்கா வந்துவிட்டார். கவரை நீட்டி, "தப்பு என்னோடதுதாங்க்கா, என் செலவுல மறுபடி அடிச்சுத் தந்துடறேன்" என்றேன். அவர் வாசலுக்குப் போய் வெயிலில் கவரைச் சாய்த்துப் பார்த்தார். பள்ளத்திலிருந்து வெள்ளி மினுக்கிக்கொண்டு ஏறியது. "உறைபனி விழுந்த மாதிரி இருக்கு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. உறைபனி விழுந்தால் விடியும்போது தோட்டம் இப்படித்தான் மின்னும், பத்து மணிக்குச் செடி கருகிப்போகும். தேயிலை வைத்திருப்பவர்களிடம் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது.

ஆனால் அக்கா சிரித்தார். கவருக்குள் போகப்போவதே தை மாசத்துக் கொழுந்துதானாம். உறைபனிக்குத் தப்பி நின்ற செடியில் துளிர்த்தது, வாசம் அதில்தான் தூக்கலாக இருக்குமாம். "அப்போ பனி சரிதான்" என்றார். அந்த நிமிஷமே நான் பிழைத்துக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "பேரும் இப்படி ஆயிடுச்சேக்கா, ஒரு பக்கம் சாய்ச்சா கண்ணைக் கூசுது, இன்னொரு பக்கம் மங்கலாத் தெரியுது" என்று நானே காட்டிக் கொடுத்தேன். அவர் கவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, விரலை வைத்து, க, ம, லா என்று தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், எதற்கு மறைக்க வேண்டும்? கவரை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருஷமா செக்ரோல் ஆஜர் நோட்டுல கங்காணி கூப்பிடறதுக்கு மட்டும் இருந்த பேரு தம்பி. கொஞ்ச நாள் மின்னட்டும், விடுங்க."

இப்போது சேரிங் கிராஸில் அந்தத் தட்டு அக்காவுடையது, அதைப் பார்த்துவிட்டு "எங்களுக்கும் அந்த வெள்ளிப் பனியே போட்டுருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம், அது ரொம்ப வருஷ அனுபவத்தில் வருகிற வேலை என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.