பெரியம்மாவின் டீசல் பென்ஸ்

அந்தக் காரின் மூக்கில் நின்ற மூன்று முனை நட்சத்திரம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. கார் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஐம்பதுகளின் கடைசி, சிங்கப்பூர். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால், எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தாலே ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில், பெரியப்பா அந்தத் தந்த நிற பென்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கினால் கனவு கலைந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. சந்தே கூடிவிட்டது. மாவு மில்லில் வேலை செய்த பெண்கள் மாவு படிந்த கையோடு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பெரியம்மா மட்டும் ஈரத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்று, "இத எங்க நிறுத்தப் போறீங்க? வீட்டுக்குள்ளயா?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, அவர் பார்வை அந்த நட்சத்திரத்தை விட்டு நகரவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பா ஒரு ரப்பர் கம்பெனித் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது காரை இவருக்கே விற்றுவிட்டார். பெரியம்மாவின் காசுமாலை அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் காணப்படவில்லை. ஒருமுறை அம்மா அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வாசல்ல நிக்குதே, பாக்கலியா?" என்றார். அப்படித்தான் பேசுவார். சிரிக்காமல் சொல்வார், நாம்தான் சிரிக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சில் ஒட்டவைக்கும் 'லா'வும் அவரிடம் தாராளம்.

அந்நாளில் நாங்கள் பார்த்துப் பழகியதெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்த சின்னச் சின்னக் கார்கள். கதவைச் சாத்தினால் தகர டப்பாவை மூடுவதுபோல் ஒரு சத்தம் வரும். பென்ஸின் கதவு அப்படியல்ல. 'தொப்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரு முழுவதும் வெளியே போய்விடும். தேக்கா மார்க்கெட்டின் கூச்சல், மீன் வாடை, டிரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்களின் மணி எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். உள்ளே தோல் இருக்கையின் வாசனையும் நாமும் மட்டும். அந்தக் கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்ப்பதற்காகவே நான் பெரியம்மா வீட்டுக்குப் போனதுண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

அந்தக் காரைப் பற்றிய கதைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர், ஜெர்மன் கார்களைத் தருவித்து விற்ற ஒரு கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். பெரியப்பாவுக்குச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்க வருவார். கதை சொல்லாமல் போக மாட்டார். நட்சத்திரத்தின் மூன்று முனைகளும் நிலம், நீர், ஆகாயம். மூன்றிலும் எங்கள் எஞ்சின் ஓட வேண்டும் என்று அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் ஆசைப்பட்டார்கள் என்பார். மெர்சிடிஸ் என்பது கம்பெனி வியாபாரி ஒருவருடைய சின்ன மகளின் பெயர், பெற்ற பிள்ளையின் பெயரைக் காருக்கு வைத்தார்கள் என்பார். "எங்கட ஆக்கள் லாரிக்கு வைக்கிறதுபோலத்தான்" என்று சேர்த்துக்கொள்வார். ஆனால் பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய கதை ஒன்று இருந்தது. முதன்முதலில் கார் செய்த அந்த மனிதர், செய்துவிட்டாரே ஒழிய அதைத் தெருவில் தூரமாக ஓட்டிக் காட்டத் தயங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் விடியற்காலையில் அவர் மனைவி கணவனுக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, அந்தக் காரிலேயே தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தாள். எண்ணெய் தீர்ந்தது, மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். மேட்டில் மகன்கள் தள்ளினார்கள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் உலகம் அந்தக் காரை நம்பியது. "அந்த மனுசிதான் முதல் டிரைவர், தெரியுமோ?" என்று கிராணி முடிப்பார். பெரியம்மா காப்பித் தம்ளரை வைத்தபடி, "புருஷன் திட்டுனாரா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். 

பெரியப்பா அந்தக் காரை ஜொகூர் பாலம் தாண்டி, மலாயாவில் ஈப்போ வரை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணங்களுக்கும் விட்டார். சில வருடங்கள்தான். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை. பிள்ளை இல்லை. காரை விற்றுவிடச் சொல்லி வந்தவர்கள் எல்லோரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். காரியம் முடிந்து கொஞ்ச நாளில், சிராங்கூன் ரோட்டில் 'டிரைவிங் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்த ஒரு சீனரிடம் கார் பழகச் சேர்ந்துவிட்டார். வெளிர் நிறச் சேலை, வெறும் நெற்றி, பின்னால் இறுக்கி முடிந்த கொண்டை. பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினார். உரிமம் கைக்கு வந்த அன்று சந்து முழுவதற்கும் பச்சைப்பயறுப் பாயசம் கொடுத்தார். விதவை பாயசம் கொடுத்துக் கொண்டாடுகிறாளே என்று முகம் சுளித்தவர்களும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவர் கார்தான் போகும். சந்தில் எந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும் பெரியம்மாவைத்தான் எழுப்புவார்கள். "வலி வந்தவ எவளும் டிரைவரோட நெத்தியப் பாக்குறதில்ல" என்பார். பார்த்தவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள். மணப்பெண்ணை ஏற்றிச் செல்ல ஊரில் பென்ஸ் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அதைக் கைம்பெண் ஓட்டக் கூடாது. அதனால் கல்யாணத்துக்கென்று துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரை அமர்த்தியிருந்தார். விடியலில் காரைக் கழுவித் துடைத்து, மல்லிகைச் சரத்தை நட்சத்திரத்திலிருந்து இரு பக்கமும் இழுத்துக் கட்டுவது பெரியம்மா. டிரைவர் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கார் சந்து திரும்பும் வரை வெளியே வர மாட்டார். கல்யாணக் காரைத் தன் கண் பார்க்கக் கூடாது என்று அவரே விதித்துக்கொண்டது அது. 

அறுபதுகளின் நடுவில் என் கல்யாணம் நிச்சயமானபோது, பென்ஸில் போவேன், பெரியம்மாதான் ஓட்ட வேண்டும் என்று அடம் பிடித்தேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அக்கா மீது உயிரையே வைத்திருந்தவள்தான்; ஆனால் மகளின் தாலி விஷயத்தில் எந்த வம்பும் வேண்டாம் என்று பயந்தாள். பெரியம்மாவிடமே போய்க் கேட்டேன்.

"பைத்தியமா லா உனக்கு? இந்தக் கல்யாண வாடகதான் எனக்குச் சோறு. என் வண்டிக்கு நல்ல பேரு இருக்கு. நான் பொண்ண ஏத்திட்டுப் போனேன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் எவன் வந்து கேப்பான்? உனக்கு ஆசை, எனக்குப் பொழப்பு" என்றார். 

அப்போது நாங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். முந்தின நாளே பெரியம்மா காரை ஓட்டிவந்து கீழே நிறுத்திவிட்டு எங்களோடு தங்கியிருந்தார். கல்யாணம் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில். அன்று காலை துறைமுகக்காரருக்குக் காய்ச்சல். தன் நண்பர் ஒருவரை அனுப்பியிருந்தார். அவர் பெட்ரோலில் ஓடும் லாரியை ஓட்டிப் பழகியவர். டீசல் பென்ஸ் அப்படிக் கூப்பிட்ட குரலுக்கு எழும் வண்டியல்ல. ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு குமிழ் இருக்கும். அதைப் பாதி இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சிறிய துவாரத்துக்குள் கம்பிச் சுருள் மெல்லச் சிவக்கும். நன்றாகச் சிவந்த பிறகுதான் முழுவதும் இழுக்க வேண்டும். புது டிரைவர் காத்திருக்கவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தாயிற்று, ஆரத்தி எடுத்தாயிற்று, நான் பட்டுச்சேலையோடு பின்னால் உட்கார்ந்தாயிற்று. அவர் இழுத்தார். வண்டி இருமியது. மறுபடி இழுத்தார். ஒவ்வொரு முறையும் இருமல் சன்னமாகிக்கொண்டே போனது. யாரோ "சகுனம்" என்றார்கள். 

மூன்றாம் மாடிச் சமையலறையில் இருந்த பெரியம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். கேட்டும் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பாரோ தெரியாது. படியிறங்கி வந்தபோது அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "எறங்குப்பா" என்றார். டிரைவர் இறங்கினார். "பேட்டரில இன்னும் ஒரு இழுப்புதான் இருக்கும். யாரும் பேசாதீங்க." உட்கார்ந்து குமிழைப் பாதி இழுத்துப் பிடித்தார். கூட்டம் பொறுக்கவில்லை. முகூர்த்தம் போகுது, இழுங்க, இழுங்க என்று நாலா பக்கமும் கத்தினார்கள். என் மாமா ஒருவர் காரின் கூரையையே தட்டினார். பெரியம்மாவின் கை அசையவில்லை. பின்னிருக்கையிலிருந்து அவர் தோளுக்கு மேலாக நான் அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக இருந்தது. பிறகு பழுப்பு. பிறகு செம்பருத்தி. அவர் இன்னும் இழுக்கவில்லை.  சுருள் ஆரஞ்சாக ஒளிர்ந்த பிறகுதான் முழுவதும் இழுத்தார். எஞ்சின் ஒரு முறை திணறி, டக டகவென்று பிடித்துக்கொண்டது.

பெரியம்மா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். டிரைவருக்கு இடம் விடத்தான். அப்போது அம்மா, காதைப் பொத்திக்கொண்ட அதே அம்மா, சுற்றி வந்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். "நேரமாவுது. வண்டிய எடு அக்கா" என்றாள்.

பெரியம்மா தங்கையைப் பார்த்தார். "எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும். எடு."

எலுமிச்சை நசுங்கியது. ரிவர் வேலி ரோடு, ஆர்ச்சர்ட் ரோடு எல்லாம் எப்படிக் கடந்தன என்று எனக்கு நினைவில்லை. மல்லிகைச் சரங்களுக்கு நடுவே அந்த நட்சத்திரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த பெரியம்மாவின் கைகளில் வளையல் இல்லை. ராணி ஓட்டுகிற தேரில் உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அவர் பயந்தது பலிக்காமல் இல்லை. அந்தத் தை மாதத்துக்குப் பேசி வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வந்து, வேறு கார் கிடைத்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயின. அவரையே ஓட்டச் சொல்லிக் கேட்டு வந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அவை குறைவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாங்கிக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி என்று காலம் தள்ளினார். ஒரு நாளும் எங்களைக் குறை சொன்னதில்லை. இப்போது என் பேரனிடம் அதே நட்சத்திரம் பொறித்த கார் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்துகிறான். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. நல்ல கார்தான். அதில் யாரும் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்றைய தினத்தின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நேரத்துக்குள் தாலி ஏறிவிட்டது. பெரியம்மா கோயிலுக்குள் வரவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று எஞ்சினை அணைக்காமல் காரிலேயே இருந்துவிட்டார். நாங்கள் மாலையோடு வெளியே வந்தபோது காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பின்கதவுக்குப் போகாமல் ஓட்டுநர் பக்கம் சுற்றிப் போனேன். ஏன் என்று கேட்காமல் என் கணவரும் கூடவே வந்தார். (அதற்காகவே அவரோடு ஒரு ஆயுள் வாழலாம், வாழ்ந்தேன்.) பெரியப்பா போன நாளிலிருந்து, நல்ல நாளில் யார் காலில் விழ வந்தாலும் பெரியம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, "எனக்கு வேணாம், அவங்க கால்ல விழு" என்று வேறு யாரையாவது கை காட்டுவார். அன்று காலையும் என்னிடம் அப்படித்தான் செய்தார்.

நான் கார்க் கதவைத் திறந்து குனிந்தேன். பெரியம்மாவின் ஒரு கால் கிளட்சில் இருந்தது, மற்றது பிரேக்கில். எதை எடுத்தாலும் வண்டி பாய்ந்துவிடும், இல்லை அணைந்துவிடும். "ஏய், விடு லா, வண்டி ஓடிக்கிட்டிருக்கு" என்று பதறினார். நாங்கள் இருவரும் அந்த இரண்டு கால்களையும் தொட்டோம். அவர் காலை எடுக்கவில்லை.