புகையிலை தொடாத சித்தி

மும்பை செம்பூரில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் எனக்குப் புள்ளியியல் வேலை. வயது, புகையிலை, குடி என்று சில விவரங்களைக் கொடுத்தால், வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் ஒருவருக்கு அதிகமா குறைவா என்று கணிக்கும் மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தாராவியில் இருக்கும் என் சித்தி, நான் கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். மறுத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, "எங்களுக்கும் பாத்துச் சொல்லு பிள்ள" என்றாள். லேப்டாப்பைத் திறந்தேன். சித்தப்பா தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர்; நாள் முழுக்கக் குட்கா. அவருக்கு அதிகம் என்று வந்தது. தலையாட்டிவிட்டு, கன்னத்தில் இருந்ததை மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"நீங்க புகையிலை போடுவீங்களா சித்தி?"

"நான் தொட்டதே கிடையாது."

குறைவு என்று வந்தது. சித்தி கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

கிளம்பும் முன் முகம் கழுவப் போனேன். குழாயடியில் ஒரு டப்பா, உள்ளே கறுப்புத் தூள். முகர்ந்து பார்த்தேன்.

"இது என்ன சித்தி?"

"மிஸ்ரி. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி பழக்கிவிட்டா. பல்லுக்கு நல்லது."

"வறுத்த புகையிலைதானே இது?"

"பல்லு தேய்க்கதுக்குல்லா வச்சிருக்கேன். இதை யாரு திங்கா?"

"தினமும் எத்தனை தடவை?"

"காலைல, மத்தியானம். மனசு சரியில்லன்னா அப்பப்ப."

பதிலைத் திருத்தினேன். அதிகம் என்று மாறியது. "ஒரு பேச்சுல நிக்காத மிஷினால்லா இருக்கு" என்றார் சித்தப்பா.

செல்போன் வெளிச்சத்தில் சித்தியின் வாயைப் பார்த்தேன். கீழுதட்டின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு. மறுநாள் விடுப்பெடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். டாக்சியில் என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் மோதிரம் விரலை அறுத்தது.

சதையெடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, மிஸ்ரியை விடாவிட்டால் ஆகலாம் என்றார் டாக்டர். விட்டாள். அந்த மாதம் வீட்டில் குக்கர் உட்பட எல்லோரும் திட்டு வாங்கினார்கள். உதட்டில் இருந்த வெள்ளைத் திட்டும் மெல்ல மங்கியது.

அலுவலகத்தில், பல் தேய்க்க எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி சேர்த்தோம். வந்த பதில்களால் பாதி மாடலைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

சித்தப்பாவையும் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். "எனக்குத்தான் அதிகம்னு அன்னைக்கே சொல்லிட்டியே. இனி டாக்டர் புதுசா என்ன சொல்லப்போறாரு?" என்றார்.

சித்தி மறுநாளிலிருந்து பட்டறைக்குச் சாப்பாடு அனுப்பவில்லை. அந்த வாரமே அவரும் வாயைக் காட்டப் போனார்.